மெயின் ஆஃப்லதான் இருக்கு

செருப்பெல்லாம் கழட்ட வேணாண்ணே, அப்படியே ஏறுங்க. படி வழுக்கும், பாத்து. கைராசிக்காரரு, மொதக் கரண்டு உங்க கையால குடுத்தாத்தான் எனக்கு நிம்மதி, அதான் இந்த மழையிலயும் கூப்புட்டேன். கதவ இழுத்து விட்டுர்றேன், சாரல் உள்ள அடிக்குது. உள்ளேர்ந்து தொறக்க கொஞ்சம் அடம்புடிக்கும் அது. பரவால்ல, நான் இருக்கேன்ல.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடுது, கட்டில்ல உக்காருங்க சின்னையாண்ணே. ஏன் யோசிக்கிறீங்க? மெத்த புதுசுதான். எங்க வீட்டுக்காரரு படுத்திருந்தத அப்பவே தூக்கிப் போட்டாச்சு. கட்டிலு மட்டுந்தான் பழசு.

பத்து மாசம் ஆச்சுல்ல நீங்க இந்த பஸ்ஸுக்குள்ள வந்து. கூலிம்ல என்னைய எங்க பாத்தாலும் மோட்டார்பைக்க முறுக்கிட்டுப் போயிடறீங்க. நானும் நெனச்சுக்குவேன், பாவம், கூட்டாளி போன வேதன, என் மூஞ்சியப் பாக்க முடியலன்னு. அவரத் தூக்கையில மொத தோளு நீங்கதானே குடுத்தீங்க.

கோப்பி எடுத்துக்குங்க. வீட்ல போட்டு ஃபிளாஸ்க்ல கொண்டாந்தேன். இந்த அடுப்ப நான் பத்த வைக்கிறதில்ல. புதுசு வாங்கி வச்சிருக்கேன், கேஸ் சிலிண்டரும் புதுசு, ஆனா கை போக மாட்டேங்குது. அந்த பிஸ்கட் டின்னா? அது இப்ப வேணாண்ணே, அப்புறம் தொறப்போம்.

ஃபேன் ஓடாது. பேட்டரிய இன்னும் மாட்டலியே. அதுக்குத்தானே நீங்க.

ஆமாண்ணே, வயரிங் நாந்தான் பண்ணேன். ஆள் யாரும் வைக்கல. இதுல என்னா ஆச்சரியம்? பதினோரு வருஷம் ஃபேக்டரில காருக்கு ஒயர் கட்டுற வேலதானே பாத்தேன். பன்னண்டு மணி நேரம் நின்னுகிட்டே, போர்டு மேல சிவப்பு, கருப்பு, மஞ்சளு, செருகு, கட்டு, அடுத்தது. கண்ண மூடிட்டு கட்டுவேன். ஆனா எந்தக் காருலயும் நான் கட்டின ஒயர நான் பாத்ததில்ல. இந்த பஸ்லதான் மொத மொறையா பாக்கறேன். இதே பஸ்தானே அப்ப எங்கள வேலைக்கு ஏத்திட்டுப் போகும். பாடாங் மேஹா சிம்பாங் முச்சந்தில நிப்பேன், இருட்டா இருக்கும், ரெண்டு லைட்டு மட்டும் வரும். மூணாவது வரிசை, ஜன்னலோரம் என் எடம். கீழ பாருங்க, சீட்டு கழட்டின ஓட்ட இன்னும் இருக்கு. அந்த எடத்துலதான் அவரு அடுப்பு வச்சாரு.

கம்பெனி பஸ்ஸ விக்கிறான்னதும் அவருக்கு கால் தரையில நிக்கல. வேலைய விட்டுட்டு, இத வாங்கி, சாப்பாட்டுக் கடையா மாத்த சீட்டெல்லாம் கழட்டி, அடுப்பு, தண்ணித் தொட்டி, பின்னால ஒரு கட்டிலு. ரொட்டி சானாய்க்கு மாவு பெசஞ்சு வச்சுட்டு மத்தியானம் ஒரு மணி நேரம் படுப்பாரு. வயரிங் சின்னையா பாத்துக்குவான், அவன் தொட்டா வெளங்கும்னாரு. உங்களத் தவிர வேற யாரையும் அவரு ஒயரத் தொட விட்டதில்லண்ணே.

அந்தத் திரையா? அங்கிட்டு சாமான் கெடக்கு. ஆடுதா? காத்துண்ணே. அந்த ஜன்னலு முழுசா மூடாது.

அவரு பழக்கம் உங்களுக்குத் தெரியும்ல. படுக்கறதுக்கு முன்னாடி மெயின ஆஃப் பண்ணிருவாரு. ஆஃப் பண்ணா மட்டும் பத்தாது, அந்த சிவப்பு சாவிய உருவி சட்டப் பையில போட்டுக்குவாரு. நான் கிண்டல் பண்ணுவேன், பொண்டாட்டிய விட சாவிதான் பக்கத்துல படுக்குதுன்னு. அன்னைக்கும் சாவி பையிலதான் இருந்துச்சு. ஆஸ்பத்திரில ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு எங்கிட்ட குடுத்தாங்க. சாவி, மோதிரம், கைபோன்.

அன்னைக்கு ரெண்டே முக்காலுக்கு அவருக்கு ஒரு கோப்பி போட்டேன். குடிச்சாரு, படுத்தாரு. நான் மக ரூபினிய ஸ்கூல்லேர்ந்து கூட்டியாரப் போனேன். திரும்பி வரையில பொக. தீ கொஞ்சந்தாண்ணே, அடுப்புப் பக்கம் மட்டுந்தான். ஆனா அந்த சீட்டு ஸ்பாஞ்ச வச்சுத்தானே சுவத்துக்கும் மெத்தைக்கும் அடைச்சிருந்தாரு, அந்தப் பொகையே போதுமா இருந்துச்சு. பொம்பா வண்டி வந்து தீய அணைக்கறதுக்குள்ள முடிஞ்சுருச்சு.

வந்தவங்க அடுப்புப் பக்கத்துலேர்ந்து புடிச்சதுன்னு மட்டும்தான் எழுதினாங்க. கேஸுன்னு சொன்னது நம்மாளுங்க. கேஸ் குழா உருகிப் போயிருந்துச்சு, திருகு மூடியிருந்துச்சா தொறந்திருந்துச்சான்னே தெரியல. வேற என்னாவா இருக்கும்? கரண்டா இருக்க முடியாது, மெயின் ஆஃப்லதான் இருந்துச்சு, சாவியே பையில இருந்துச்சே. மெயின் ஆஃப்ல இருந்தா ஒரு ஒயர்லயும் கரண்டு வராதுன்னு நீங்களே சொன்னீங்க. காரியத்தன்னைக்கு, பந்தல்ல, எல்லாரும் சாப்புட்டுகிட்டு இருக்கையில. எனக்கு எழுத்து மாறாம ஞாபகம் இருக்கு. வயர்மேன் சொன்னா சரியாத்தானே இருக்கும்.

அப்பறம் மிச்சம் யாரு? கடைசியா அடுப்பத் தொட்டவ.

ரூபினி அவங்கப்பா தலமாட்டுல நின்னுகிட்டு கேட்டாண்ணே. அம்மா, கேஸ மூடினியான்னு. பதினோரு வயசுப் புள்ள. மூடினேன்னு சொல்ல வாயத் தொறந்தேன், வரல. மூடினேனா? தெனமும் மூடறவதான், அன்னைக்கு மூடினேனா? நான் யோசிச்சேன் பாருங்க, அந்த ஒரு நிமிஷம், அத எல்லாரும் பாத்துட்டாங்க. உமாராணிக்கா, அவரோட அக்கா, தம்பிய வளத்தவங்க. அன்னைக்கே புள்ளையோட துணிய எடுத்து வச்சு ஜித்ராவுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என் தம்பிய எரிச்ச, இவளையாச்சும் விடு லோகான்னாங்க. ரூபினியும் ஏன்னு கேக்கல, போயி கார்ல ஏறிகிட்டா. போன் போட்டா எடுக்க மாட்டா. பத்து மாசமா தூக்கத்துலகூட என் கை திருகிகிட்டே இருக்குண்ணே, அந்தக் கேஸ.

சரி, அழுது என்னாத்துக்கு. வேலைக்கு வருவோம்.

கட்டிலுக்கு அடியிலதான் பேட்டரி. கருப்பு மாட்டிட்டேன். சிவப்பு மட்டும் பாக்கி. ஸ்பேனர் இந்தாங்க. எரிஞ்ச பக்கம் மொத்தமும் புது ஒயர், புது பலக. கட்டிலோரம் இந்தப் பக்கம் நான் ஒண்ணுமே தொடல. பலகையக்கூட தொறக்கல. பேட்டரிலேர்ந்து மேல ஏறுற குழா நீங்க போட்டதுதான், சிவப்பு கிளாம்பும் நீங்க மாட்டினதுதான். உங்க வேலைய நான் எதுக்கு தொடணும்.

மாட்டுங்க.

என்னாண்ணே? மெயின் ஆஃப்லதான் இருக்கு. சாவி பாருங்க, என் கையில. அதே சாவிதான்.

குழாய ஏன் தடவிப் பாக்கறீங்க? பலகைய கழட்டணுமா, எதுக்கு? கடைசியா நீங்க இதுல வேல பாத்தது தைப்பூசத்துக்கு. அதுக்கப்பறம் ரெண்டே வாரந்தான் ஓடுச்சு பஸ்ஸு. என்னா அழகா பல்பு கட்டுனீங்க அன்னைக்கு. சுங்கைப்பட்டாணில தண்ணிப் பந்தலு போட நிறுத்தினோம், எல்லாப் பயலும் நம்ம பஸ் முன்னாடி நின்னுதான் படம் புடிச்சான். அவரு மூஞ்சில சிரிப்பு தாங்கல. முன்னூறு பல்பு இருக்குமா? கூடவா?

ஸ்பேனர ஏன் பின்னால மறைக்கிறீங்க? குடுங்க ஸ்பேனர, நான் மாட்டிக்கறேன். கைராசி என்னா கைராசி, ஒரு நட்டு முறுக்கறதுக்கு.

கைய விடுங்கண்ணே. விடுங்க. ஏன் இப்படி புடிக்கிறீங்க, வலிக்குது.

என்னா சொன்னீங்க? மழ சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமா சொல்லுங்க.

பல்பு ஒயரா. தைப்பூசத்துக்கு இழுத்ததா. அது இன்னும் உள்ளயா இருக்கு? அடுத்த வருஷமும் வேணும்னு பல்ப மட்டும் கழட்டிட்டு ஒயர விட்டுட்டீங்க. சரி, எல்லாரும் பண்றதுதான். இருந்தா என்னா, மெயின் ஆஃப்லதானே இருக்கு? ஓ. மெயினுக்குப் போகல அது. நேரா பேட்டரிலேர்ந்து எடுத்தீங்க. பல்பு கூடிப் போயி ஃபியூஸ் போயிகிட்டே இருந்துச்சு, அதனால ஃபியூஸும் இல்ல. சாமி கிளம்பற நேரம், வேற வழி இல்ல. புரியுதுண்ணே. அப்ப மெயின ஆஃப் பண்ணி, சாவிய பையில போட்டுகிட்டு படுத்தாலும், அந்த ஒரு ஒயர்ல மட்டும் கரண்டு நிக்கும். அடுப்புப் பக்கம் அது போற ஓட்டையில ரப்பரும் கெடையாது. தகரம் அறுத்துகிட்டே இருந்திருக்கும்.

இது உங்களுக்கு எப்பத் தெரியும்? அன்னைக்கேவா? தீயப் பாத்ததுமேவா.

பந்தல்ல சொன்னப்பவும் தெரியும்.

உக்காருங்கண்ணே. ஒண்ணும் எரியாது. அந்தப் பலகைக்குப் பின்னால ஒயரே இல்ல. பேட்டரில சார்ஜும் இல்ல. மே மாசமே எல்லாத்தையும் தொறந்துட்டேன், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஒரு பலகை விடாம. இப்ப டின்ன தொறங்க. பாருங்க, கருகின முனை. அந்த ஜாயிண்டுக்கு மேல சுத்தின நீல டேப்பு, உங்க டேப்பு. ஓட்டையில ஒரசி செம்பு வெளிய தெரியுது பாருங்க. இத எடுத்துட்டுப் போயி ஜித்ராவுல உமாராணிக்கா முன்னாடி வச்சேன். அவங்க என்னா சொன்னாங்க தெரியுமா? நீ ஃபேக்டரில ஒயர் கட்டறவதானே, நீயே கருக்கி எடுத்துட்டு வந்திருப்பன்னாங்க. அதுவும் சரிதானே. என் கையால முடியும். அதான் ஒயரு பத்தலண்ணே எனக்கு. உங்க வாய் வேணும்.

கதவா? தள்ளுனா தொறக்கும், போங்க. போலீஸ்ல நான் குடுக்கறது குடுக்கறதுதான், அது வேற. ஆனா இன்னும் எத்தன பஸ்ஸுல இப்படி விட்டு வச்சிருக்கீங்க? அடுத்த தைப்பூசம் வருது, பத்து பஸ்ஸு ஒத்துக்கிட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். மொதல்ல போயி பழசெல்லாம் உருவுங்க. அதுலயும் மத்தியானத்துல எவனாச்சும் படுப்பான்.

அக்கா, வெளிய வாங்க. திரைய விலக்குங்க. காலையில வந்தாங்கண்ணே, ஜித்ராலேர்ந்து. ரெண்டு மணி நேரமா சாமானோட சாமானா உக்காந்திருக்காங்க.

என் கால்ல எதுக்குக்கா விழறீங்க, எந்திரிங்க. அதெல்லாம் எனக்கு வேணாம். மணி நாலு, புள்ள ஸ்கூல் விட்டு வந்திருப்பா. உங்க போன்ல போடுங்க, என்னோடதுன்னா எடுக்க மாட்டா. ஸ்பீக்கர் வேணாம், காதுலயே வச்சுப் பேசுங்க. நீளமா ஒண்ணும் சொல்ல வேணாங்க்கா. உங்கம்மா கேஸ மூடித்தான் வச்சிருந்தான்னு சொன்னா போதும்.