பிடரி வரைந்தவன்

தன் கண்ணில் தானே சொட்டு மருந்து விட்டுக்கொள்ள எல்லோராலும் முடிவதில்லை, சார். என் தங்கை புருஷனால் முடியாது. பாட்டில் பக்கத்தில் வந்தாலே இமை இறுக மூடிக்கொள்ளும்; மருந்து கன்னத்தில் வழிந்து காதுக்குள் போகும். அதனால் நான்தான் விடுவேன். எங்கள் ஸ்டுடியோவில் ஒரு சாய்வு நாற்காலி உண்டு. அதில் அவன் அண்ணாந்து கிடப்பான், நான் இமையை விலக்கிப் பிடிப்பேன். தங்கை விட வந்தால்கூட, "உனக்குக் கை நடுங்கும், மச்சான் கைதான் சரி" என்று சொல்லிவிடுவான்.

உறவு பிறகு வந்தது. முதலில் நாங்கள் நண்பர்கள். ஓவியக் கல்லூரி முடித்த கையோடு, மூடிக் கிடந்த அச்சகம் ஒன்றின் மாடியை வாடகைக்குப் பிடித்தோம். ஜன்னல் பக்கம் அவன், சுவர்ப் பக்கம் நான். அப்போதெல்லாம் அவன் பிடரிகளை வரைந்துகொண்டிருந்தான். பேருந்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களின் பிடரி. வியர்வையில் ஒட்டிய முடி, காலரில் படிந்த அழுக்குக் கோடு, சவரக் கத்தி பட்ட கீறல். முகத்தைக் காட்டாமலே, இந்த ஆள் காலையில் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவான். நல்ல படங்கள். பொறாமைக்காரன் வாயில் இந்த வார்த்தை வருமா, நீங்களே சொல்லுங்கள்.

பிறகு அவனை வெளிநாட்டில் கூப்பிட்டார்கள். ரெசிடென்சி என்று அதற்குப் பெயர். ஏரிக்கரையில் ஒரு வீடு கொடுப்பார்கள், சாப்பாடு போடுவார்கள், வேண்டிய மட்டும் கேன்வாஸ் கொடுப்பார்கள். இவன் அங்கே நடக்கிற கண்காட்சிகளைப் பார்க்க வேண்டும், அந்த ஊர் ஓவியர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்க நல்ல காரியம் மாதிரிதான் இருக்கும். திரும்பி வந்தவன் பிடரியைத் தொடவில்லை. சுவர் அகலத்துக்கு ஒரு கேன்வாஸ், முழுக்கச் சாம்பல் நிறம், மூலையில் ஒரே ஒரு கோடு.

"என்ன மாப்ளே இது?"

"மௌனம், மச்சான்."

பேருந்தில் பிதுங்கி வளர்ந்தவனுக்கு மௌனத்தோடு என்ன சகவாசம் என்று எனக்குப் புரியவில்லை. அடுத்த பயணத்தில் துரு. அங்கே ஓர் அம்மாள் துருப்பிடித்த தகடுகளை வைத்தே பெயர் வாங்கியிருக்கிறாராம். இவனும் காயலான் கடையிலிருந்து தகடுகளைச் சுமந்துகொண்டு வந்தான். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. கேலரிக்காரர்கள் அதையும் மாட்டினார்கள். கேட்லாகில், "பல கண்டங்களின் தாக்கத்தை உள்வாங்கியவர்" என்று அச்சடித்தார்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதை இவ்வளவு கௌரவமாகச் சொல்ல முடியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். திறப்பு விழாவுக்கு வந்தவர்கள் கையில் கோப்பையோடு ஒவ்வொரு தகட்டின் முன்னாலும் நின்று கழுத்தைச் சாய்த்தார்கள். கழுத்தைச் சாய்த்தால் துரு ஓவியமாகிவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நம்பிவிட்டுப் போகட்டும்.

நானும் விண்ணப்பித்தேனா என்று கேட்டீர்கள். வருஷா வருஷம் விண்ணப்பித்தேன். அவர்களுடைய ரசனை எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத்தான். கிடைத்திருந்தாலும் போயிருக்க மாட்டேன். இதைச் சொன்னால் என் தங்கை சிரிப்பாள். "கெடைக்காத வரைக்கும் எந்தப் பழமும் புளிக்கத்தாண்ணே செய்யும்" என்பாள். அவள் சின்ன வயதிலிருந்தே துடுக்கு.

கடைசியாக வந்த அழைப்பு நீண்ட காலத்துக்கு. தங்கையையும் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. சாய்வு நாற்காலியில் அண்ணாந்து கிடந்தபடிதான் அதைச் சொன்னான்.

"அங்க ஒரு பெரியவர் இருக்காரு மச்சான். வெறும் வெளிச்சத்த வச்சே வேலை செய்றாரு. அவர் பக்கத்துலயே இருந்து பாக்கணும்."

"பாத்து?"

"பாத்தாப் போதும். அப்புறம் கை தானா மாறிடும்."

அவனே சொல்லிவிட்டான் பாருங்கள். பார்த்தால் போதும், கை மாறிவிடும். அந்தக் கையில் மிச்சம் இருந்ததைக் காப்பாற்ற வேண்டுமென்றால் பார்ப்பதை நிறுத்த வேண்டும். தாக்கம் கண் வழியாகத்தான் உள்ளே வருகிறது. கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் திருடனை நொந்துகொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. தீர்ந்துபோன சொட்டு மருந்து பாட்டிலை எறிய மாட்டோம். எதையும் அளந்து விட அது வசதி. எண்ணெய், டர்பன்டைன், செப்புத் தகட்டில் கோடு அரிக்கிற ஆசிட், எல்லாம் அந்தக் குட்டிப் பாட்டில்களில்தான் மேஜை மேல் வரிசையாக நிற்கும். எது எதுவென்று எங்களுக்குத் தெரியும். ஆனால் மாறிப்போனால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் டாக்டர்கூட, "இப்படியா வச்சிருப்பீங்க" என்று திட்டியதோடு விட்டுவிட்டார்.

மாப்பிள்ளை அதற்கும் மேல். கட்டுப் போட்ட முகத்தோடு என் கையைத் தேடிப் பிடித்தான். "நாந்தான் மச்சான் பாட்டில மாத்தி வச்சிருப்பேன். நீ மனசப் போட்டுக் கொழப்பிக்காத" என்றான். பரவாயில்லை மாப்ளே என்றேன். அவனை நான் மன்னித்துவிட்டேன்.

பிறகு நான் பிடரிகளை வரையத் தொடங்கினேன். அவன் கைவிட்டதை யாராவது எடுத்துச் செய்ய வேண்டாமா? ஜன்னல் பக்கம்தான் காலியாக இருந்ததே. இந்த மாதம் கண்காட்சி வைத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாகக் கேலரி நிரம்பியது. என் படங்களின் முன்னாலும் கழுத்தைச் சாய்த்தார்கள். அன்று வந்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். தங்கை மட்டும் ஒரே படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். பிறகு என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"மொதல் கண்ணுல விட்டதுமே அவரு கத்திருப்பாரே அண்ணே. ரெண்டாவது கண்ணு எப்படிப் போச்சு?"

அங்கிருந்து நேராக உங்களிடம் வந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். கத்தினான். நாற்காலியோடு துள்ளினான். "ஆடாத மாப்ளே, கழுவி விடுறேன்" என்று நெஞ்சில் முழங்காலை ஊன்றி அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதே பாட்டிலை மற்றக் கண்ணிலும் விட்டேன். என்னை நம்பி அந்த இமையை அவனாகவேதான் திறந்து கொடுத்தான். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

இதில் ஒரு வார்த்தையையும் நான் மறுக்கப் போவதில்லை. இரண்டு கண்களையும் என் பேரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான். என் கண்காட்சியைப் பற்றிப் பத்திரிகையில் ஒருவன் எழுதியிருக்கிறான், படங்களில் என் மாப்பிள்ளையின் தாக்கம் அப்பட்டமாகத் தெரிகிறதாம். அது அபாண்டம். என் படங்களில் யாருடைய தாக்கமும் கிடையாது. அதையும் இந்த வாக்குமூலத்தில் சேருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.