ஆர்மிண்டா தேடிய பிள்ளைகள்

நவம்பர் மாதம். சாயங்காலம் நாலரை. டாகெட் பண்ணைக்குப் போகும் சரளைக்கல் சாலை தெரியுமல்லவா... வீடு கிடையாது, விளக்கு கிடையாது, செல்போனும் எடுக்காது. அங்கே காரை நிறுத்தினாள் நம் டுவேனின் அக்கா கோரின்.

சிரிக்காதே வெண்டல். முழுசாகக் கேட்டுவிட்டுச் சிரி.

இவர்கள் அம்மா லொரீன் அநாதை இல்லத்தில் வளர்ந்தவள். டாக்டர் கைவிரித்த பிறகு அவளுக்கு ஒரே ஆசைதான். "என் ரத்த சொந்தம் ஒருத்தி பக்கத்துல என்னைப் புதைடி. வாழ்ந்ததுதான் தனியா வாழ்ந்தேன்... படுக்கறதாவது துணையோட படுக்கறேன்."

கோரின் விடுவாளா? கோர்ட்டு, சர்ச்சு என்று அலைந்து, கடைசியில் அம்மாவின் கொள்ளுப்பாட்டியைக் கண்டுபிடித்தாள். ஆர்மிண்டா டீக். 1874-ல் காய்ச்சலில் செத்தவள். ஐந்து பிள்ளைகள். செத்த வாரமே புருஷன் ஐந்தையும் ஊர் ஊராகத் தூக்கிக் கொடுத்துவிட்டான், பாவி. அந்த ஐந்து கிளையிலும் இன்றைக்கு யார் எங்கே இருக்கிறார்கள் என்று தேடி, வம்ச மரமாக வரைந்து அடுப்படிச் சுவரில் ஒட்டினாள் கோரின்.

கல்லறை டாகெட்டின் நிலத்தில். கிழவன் வேலியைத் திறக்கவில்லை.

"கல்லுதான் இருக்கு. அடியில யாருமில்ல. போயிடும்மா."

"ஏன், எலும்பை வாரிப் போட்டுட்டு மக்காச்சோளம் வெதச்சிட்டீங்களா பெரியவரே?"

"எங்க தாத்தா ரெண்டு தடவை அவள மூடினாரு. அவ உள்ள தங்கல. புள்ளைங்களத் தேடி வீடு வீடா போனாளாம்."

யார் நம்புவார்கள்? கல்லறை நிலத்தை அமுக்கத்தான் கிழவன் கதை விடுகிறான் என்று, அவன் தலை மறைந்ததும் வேலிக்கடியில் நுழைந்தாள். கையில் வளைத்த கம்பி இரண்டு. கீழே பிணம் இருந்தால் இரண்டும் குறுக்கே திரும்பும். நம் பக்கத்தில் இதைச் செய்து பார்க்காதவர் யார்?

ஆர்மிண்டா புருஷன் கல்லருகே... டிக். குறுக்கே திரும்பின. ஆர்மிண்டா கல்லருகே நேராகவே நின்றன. மறுபடி நடந்தாள். அசையவில்லை.

"படுபாவி, தோண்டியே போட்டுட்டான்!" என்று திட்டிக்கொண்டே திரும்பினாள்.

டிக்.

வெறும் புல்தரை. ஓர் எட்டு வைத்தாள், கம்பிகள் பிரியவில்லை. வேலி தாண்டியும் பிரியவில்லை. சாலைக்கு வந்தும்... பிரியவில்லை. கீழே இருப்பது எதுவோ, அவள் கூடவே நடந்தது. காருக்குள் ஈரக் களிமண் வாடை.

வீட்டுக்கு வந்தும் சந்தேகம் விடவில்லை. அம்மாவின் கட்டிலருகே கம்பியைப் பிடித்தாள். டிக். ஒரு மாதமாகப் புரளக்கூட முடியாத லொரீன், தானாகக் கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தாள். கண்ணைத் திறக்கவேயில்லை.

"வழிய விடுடி. அவ குளிர்ல வந்திருக்கா."

விடிவதற்குள் உயிர் போய்விட்டது.

ஆசைப்பட்ட இடத்திலேயே புதைத்தோம். பெட்டிக்கு நானும் தோள் கொடுத்தேன். டாகெட்டே வேலியைத் திறந்துவிட்டான். எல்லாம் முடிந்த பிறகு கோரினிடம் மெதுவாகக் கேட்டான்.

"மத்த நாலு புள்ளைங்க வம்சத்தையும் கண்டுபிடிச்சிட்டியா?"

"ஆமா. எல்லாத்தையும் வரைஞ்சு வெச்சிருக்கேன்."

கிழவன் தொப்பியைக் கழற்றினான். "அடப் பாவமே... நூத்தம்பது வருஷமா அவங்க எங்க இருக்காங்கன்னு அவளுக்குத் தெரியாம இருந்திச்சேம்மா."

கோரின் ஓடிப்போய் அந்தக் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். என்ன பிரயோசனம்? அடுத்த மாதம் ஜாப்லினில் ஒருவன் தூக்கத்திலேயே செத்துப்போனான். நாற்பது வயது, கல்லு மாதிரி உடம்பு. பிறகு ஸ்பிரிங்ஃபீல்டில் ஒரு டீச்சர். இரண்டு பேரும் ஆர்மிண்டா வம்சம். இரண்டு பேருமே கட்டில் விளிம்பில் கிடந்தார்கள். மீதிக் கட்டில் காலி.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஒளிப்பானேன்? அதனால்தான் உங்களைப் படுக்கவிடாமல் பேசிக்கொண்டே இருக்கிறேன். டுவேனும் லொரீன் பெற்ற பிள்ளைதானே.

மெதுவாகப் பேசுங்கள்... உள்ளே தூங்குகிறான். காபி எடுக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். அவ்வளவு பெரிய கட்டிலில் சுவரோடு ஒட்டிக்கொண்டு படுத்திருக்கிறான். போர்வையில் பாதியைப் பக்கத்தில் விரித்து வைத்திருக்கிறான்.