மூன்றாம் தாளின் மூலையில்

கொன்ஸ்ரன்ஸ் மிஸ், கொட்டாஞ்சேனையில் நீங்கள் செஸ் புதிர்ப் போட்டி நடத்தும் மண்டபத்தில் ஐந்து மின்விசிறிகள் இருக்கின்றன. நடுவில் உள்ளது மட்டும் கிறீச்சிடும். அதற்குக் கொஞ்சம் எண்ணெய் விடச் சொல்ல வேண்டுமென்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கும் எனக்கு அதன் கீழேதான் மேசை கிடைத்தது. இடது பக்கம், கை நீட்டினால் தொடக்கூடிய தூரத்தில், லோகேஸ்வரன்.

நீங்கள் பொறுப்பிலிருந்து விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டீர்களாம். பூசை முடிந்து வெளியே வரும்போது யாரைக் கண்டாலும் ஒரே கதையைச் சொல்கிறீர்களாம். “நான் மூண்டு தரம் அவரைத் தாண்டிப் போனனான். யோசிக்கிறார் எண்டுதானே நினைச்சன்.”

உங்கள் மேல் பிழை இல்லை, மிஸ். நீங்கள் கணக்கு ரீச்சராக இருந்தவர். வாயால் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால்தான் வழிமுறையோடு எழுதித் தருகிறேன்.

எங்கள் போட்டியில் எதிரில் ஆள் கிடையாது. மற்றச் செஸ்ஸில் முன்னால் ஒருவர் இருப்பார். உங்கள் முகம் வெளிறினால் அவர் பார்ப்பார். எங்களுக்கு அச்சடித்த ஒரு நிலை, ஒரு பலகை, ஒரு விடைத்தாள், அவ்வளவுதான். ஒருவர் முக்கால் மணி நேரம் கல்லாக இருந்தால் பக்கத்தில் போகிறவர்கள் செருப்புச் சத்தத்தைக்கூடக் குறைத்துக்கொள்வார்கள். நீங்களும் அதைத்தான் செய்தீர்கள். மூன்றாம் தரம் போனபோது செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தீர்கள். நான் பார்த்தேன்.

அன்று காலை ஏழரைக்கு வெள்ளவத்தையில் லோகேஸ்வரனின் வீட்டுக்குப் போனேன். பதினொரு வருடமாக அப்படித்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் பஸ் ஏறுவோம். பதினொரு வருடத்தில் ஒன்பது தடவை அவர் முதலாவது, நான் இரண்டாவது. அதை நான் ஒருபோதும் குறையாகச் சொன்னதில்லை. அவர் மனைவி ஜெகதீஸ்வரி கதவடியில் வைத்து ஒரு சின்னக் குளுக்கோஸ் பக்கற்றை என் கையில் தந்தார்.

“தனா அண்ணை, இவர் இன்சுலின் ஊசி போட்டிட்டார். ரெண்டு இடியப்பத்தோட எழும்பிட்டார். பத்தரைக்கு இதைத் தண்ணியில கரைச்சுக் குடுத்திடுங்கோ. அவரிட்டக் குடுத்தால் அது பொக்கற்றுக்கையே கிடக்கும்.”

“பாத்தியளே, என்னை நேசரிக்கு அனுப்புறா,” என்றார் லோகேஸ்வரன். “சட்டையில பேரையும் குத்தி விடுமன்.”

“நேசரிப் பிள்ளையள் சொன்னாக் கேக்குங்கள்.”

“வயிறு நிறைஞ்சால் மூளை நித்திரை கொள்ளுமப்பா.”

உங்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைக்கும்படி ஜெகதீஸ்வரி சொன்னார். நான் சொல்ல மறந்துவிட்டேன். அது உண்மையான மறதி. பிறகு நடந்ததோடு அதைச் சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

பக்கற் என் சட்டைப் பையில் இருந்தது. பஸ்ஸில் வரும்போது அது நெஞ்சில் உரசிக்கொண்டே வந்தது.

இரத்தத்தில் சீனி இறங்கினால் லோகேஸ்வரன் எப்படி ஆவார் என்று எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் வத்தளையில் நடந்த தேர்வுப் போட்டியில் பார்த்திருக்கிறேன். முதலில் மேல் உதட்டில் வியர்வை. பிறகு ஒரு காயைக் கையில் எடுப்பார், அதைக் கீழே வைக்கமாட்டார். பிறகு கண். தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு இது யாருடைய வீடு என்று யோசிக்கிறவரின் கண். வத்தளையில் நான்தான் எழுந்துபோய் அவர் வாயில் இரண்டு ரொபி இனிப்பை வைத்தேன். பத்து நிமிடம் மேசையில் தலை சாய்த்துக் கிடந்தார். பிறகு நிமிர்ந்து பலகையைப் பார்த்து, “எதில விட்டனான்?” என்று சிரித்தார். நான் ஒரு மணி நேரமாக முட்டி மோதிய புதிரை அடுத்த நான்கு நிமிடத்தில் எழுதி முடித்தார். அந்த முறையும் அவர் முதலாவது. எல்லோரும் என் கையைப் பிடித்து, தனஞ்சயன், நீங்கள்தான் அவரைக் காப்பாற்றினீர்கள் என்றார்கள்.

பத்தும் நான்கும் பதினான்கு. இந்தக் கணக்கை மனதில் வைத்திருங்கள்.

கடைசிச் சுற்று ஒன்பதரைக்குத் தொடங்கியது. மூன்று புதிர், நூறு நிமிடம். முந்தின நாள் நடந்த முதல் இரண்டு சுற்று முடிவில் லோகேஸ்வரன் என்னைவிட நான்கு புள்ளி முன்னால். அடுத்த வருடம் உலகப் போட்டிக்கு ஒருவரைத்தான் அனுப்புவார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. வேறு எதற்கும் என்னை யாரும் எங்கும் அனுப்பியதில்லை.

மூன்றாம் புதிர் கடினமானது. வெள்ளை ஆடிச் சமன் செய்ய வேண்டும். கறுப்பிடம் கோட்டை, குதிரை எல்லாம் இருக்கும். வெள்ளையிடம் ராஜாவும் கொஞ்சச் சில்லறையும். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வெட்டக் கொடுத்துவிட்டு, ஏழாவது நகர்வில் ராஜா மூலைக்குப் போய் நிற்க வேண்டும். அதற்குப் பிறகு வெள்ளைக்கு நகர்த்துவதற்கு ஒன்றுமே இல்லை. ஒன்றும் செய்ய முடியாத நிலைக்கு வந்துவிட்டதால்தான் அது தப்புகிறது. எவ்வளவு அழகு என்று யோசித்துப் பாருங்கள், மிஸ். நான் அன்று இருந்த நிலையும் அதுதான். சுற்று நடக்கும்போது கதைக்கக் கூடாது என்பது விதி. அடுத்தவர் மேசையைத் தொடக் கூடாது என்பதும் விதி. ஒருவர் என்ன செய்ய முடியும்?

பத்தேகால் அளவில் லோகேஸ்வரன் வெள்ளைக் குதிரையைக் கையில் எடுத்தார். அதைக் கீழே வைக்கவில்லை. முதல் இரண்டு விடையும் எழுதியிருந்தார். மூன்றாவது தாள் வெறுமையாக இருந்தது. அதில் ஒரு துளி வியர்வை விழுந்து வட்டமாகப் பரவியதை நான் பார்த்தேன். அப்போது நீங்கள் முதல் தரம் தாண்டிப் போனீர்கள்.

பத்து ஐம்பத்தொன்றுக்கு, எங்களில் ஆக இளையவளான ஹிபா எழுந்து விடையைக் கொடுத்துவிட்டு வெளியே போனாள். கதிரை இழுபட்ட சத்தத்துக்கு எல்லோரும் நிமிர்ந்தோம். லோகேஸ்வரன் நிமிரவில்லை. பதினொன்று பத்துக்கு நீங்கள் மணி அடித்தீர்கள். தாளை வாங்க அவர் தோளைத் தொட்டபோது அவர் பக்கவாட்டில் என்மீது சரிந்தார். குதிரை கையில் இருந்து விழவில்லை. பொரளை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அம்புலன்சில் ஒருவர்தான் அதை விரல்களைப் பிரித்து எடுத்தார். லோகேஸ்வரன் இரண்டாம் நாள் இறந்தார்.

மரண விசாரணையில் நான் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். கடைசி நகர்வைத் தேடிக்கொண்டிருந்தேன், நேரம் போனது தெரியவில்லை என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஜெகதீஸ்வரி வந்து பக்கத்தில் இருந்து, “நீங்கள் ரெண்டு பேரும் அந்தப் பலகையில விழுந்தால் எழும்பமாட்டியள் எண்டு எனக்குத் தெரியுந்தானே அண்ணை. உங்களிட்டக் குடுத்தது என்ர பிழை” என்றார். எட்டாம் நாள் அவருடைய பலகையையும் காய்களையும் என்னிடமே தந்துவிட்டார். ஒரு குதிரை குறைவு.

இனி வழிமுறை.

நான் கடைசி நகர்வைத் தேடவில்லை. மூலைக்குப் போன ராஜாவுக்கு அதற்குப் பிறகு நகர்வு கிடையாது. நான் விடையை எழுதி முடித்துவிட்டேன். எழுந்து கொடுத்திருக்கலாம். ஆனால் கொடுத்தவர் வெளியே போக வேண்டும். போவதற்கு முன் பக்கற்றைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் லோகேஸ்வரனுக்கு முப்பத்தெட்டு நிமிடம் மிச்சம் இருந்தது. அவருக்குத் தேவை பதினான்கு. கொடுக்காமல் வெளியே போனால், விடை முடித்த ஆள் ஏன் மறந்தான் என்று பிறகு கேட்பார்கள். புதிருக்குள் இருக்கிற ஆள் மறக்கலாம். அதனால் பென்சிலைப் பிடித்துக்கொண்டு பலகையைப் பார்த்தபடி இருந்தேன்.

அவர் சாவார் என்று நான் நினைக்கவில்லை. மணி அடித்ததும் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

ஒரு தடவை அவர் என்னைப் பார்த்தார். பத்தே முக்கால் இருக்கும். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. இடது கையைத் தூக்கித் தன் சட்டைப் பையைத் தடவினார். அதில் ஒன்றும் இல்லை. பிறகு அந்தக் கையை என் பக்கம் நீட்டினார். அது பாதி வழியில் மேசை விளிம்பில் இறங்கி அங்கேயே கிடந்தது. நான் என் பலகையைப் பார்த்தேன். அந்த நேரத்தில்தான் நீங்கள் மூன்றாம் தரம், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவரையும் குழப்பாமல் போனீர்கள். ஆகவே நீங்கள் அழ வேண்டியதில்லை, மிஸ். இது உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன். இதை எழுதுவதற்கு வேறு காரணம் இல்லை.

ஹிபாவைப் போன கிழமை வெள்ளவத்தைச் சந்தையில் கண்டேன். மீன் பையோடு நின்று அழுதாள். “அங்கிள், இப்பிடிக் கெடச்ச மொதல் இடம் எனக்கு வேணாம் போல இரிக்கி” என்றாள். நல்ல பிள்ளை. இருபத்து மூன்று வயது. இன்னும் எத்தனையோ வருடம் இருக்கிறது. அந்த மூன்றாம் புதிரை அவளும் செய்து முடிப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது எங்கள் இருவருக்கும் புள்ளி சமம். முதல் இரண்டு சுற்றிலும் இருவரும் முழு நேரத்தையும் எடுத்திருந்தோம். ஆகவே கடைசிச் சுற்றின் நேரம்தான் தீர்மானிக்கும். உங்கள் பதிவேட்டில் அவளுக்குப் பத்து ஐம்பத்தொன்று என்றும் எனக்குப் பதினொன்று பத்து என்றும் இருக்கிறது. எனக்குக் குறித்திருப்பது சரியான நேரம் அல்ல.

ஒவ்வொரு புதிரும் முடிந்ததும் தாளின் மூலையில் நேரத்தைக் குறிப்பது என் வழக்கம். “இதென்ன தனஞ்சயன், பஸ் டிக்கற்றோ?” என்று நீங்களே கேட்டிருக்கிறீர்கள். விடைத்தாள்கள் இன்னும் உங்கள் அலுமாரியில்தான் இருக்கும். உங்கள் விலகல் கடிதத்தை அவர்கள் இன்னும் ஏற்கவில்லையாம். ஆகவே பதிவேட்டைத் திருத்தும் உரிமை உங்களுக்கே இருக்கிறது. பெயரை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். பழைய நேரத்தை ஒரு கோட்டால் வெட்டிவிட்டுப் பக்கத்தில் கையொப்பம் வைத்தால் போதும்.

மூன்றாம் தாளின் வலது மூலையைப் பாருங்கள். பத்து முப்பத்திரண்டு. எழுத்து தெளிவாகத்தான் இருக்கிறது, மிஸ். அப்போது என் கை நடுங்கவில்லை.