ஹஜ்ஜுக்கு முன் ஒரு ஊசி

— இதோட மூணு பேரை முன்னாடி விட்டுட்டீங்க, அக்கா. உங்களுக்கு அப்புறம் வந்தவங்கல்லாம் ஊசி போட்டுட்டு வீடு போய்ச் சேர்ந்திருப்பாங்க. நீங்க எப்ப கையை நீட்டப் போறீங்க?

— அவளுக்கு ஊசின்னா ஆகாது, சிஸ்டர். அதாவது என்னன்னா, என் தையல் மிஷின் பக்கமே வர மாட்டா. பேருதான் டெய்லர் பொண்டாட்டி.

— பயமெல்லாம் இல்ல. முதல்ல இவருக்குப் போடுங்க.

— எனக்குப் போட்டு பத்து நிமிஷம் ஆச்சும்மா. இதோ, பஞ்சை அழுத்திக்கிட்டு உக்காந்திருக்கேன். காலையிலேர்ந்து நீ நீயாவே இல்ல.

— எதுல குழப்பம்னு சொன்னாத்தானேக்கா நான் பதில் சொல்ல முடியும்?

— குழப்பத்துக்கு எங்க வீட்ல குறைச்சலே இல்ல, சிஸ்டர். அதாவது என்னன்னா, ஹஜ்ஜுக்குன்னு நிய்யத்து வச்சு இஹ்ராம் உடை கட்டினா பொம்பளைங்க முகத்தை மூடக் கூடாதுன்னு ஹஜ் வகுப்புல சொன்னாங்க. நீங்க குடுத்த நோட்டீஸ்ல கூட்டத்துல முகக்கவசம் போடுன்னு இருக்கு. சோப்பு போட்டு அடிக்கடி கை கழுவுங்கறீங்க. அவங்க வாசனை சோப்பைத் தொடாதேங்கறாங்க. நாங்க யார் பேச்சைக் கேக்கறது?

— வாசனை இல்லாத சோப்பு கடையில கிடைக்கும், வாங்கிக்கோங்க. முகக்கவசத்தைப் பத்தி உங்க பள்ளிவாசல் ஆலிம்கிட்ட கேளுங்க. காய்ச்சல் பரவுற நேரம்னு சொல்லிக் கேளுங்க, சரிங்களா? எனக்குத் தெரிஞ்சது காய்ச்சல் மட்டுந்தான். கவசம் ஈரமானா உடனே மாத்திடணும்.

— ரெண்டு டஜன் தச்சு வச்சிருக்கேன்.

— சிஸ்டர், நோட்டீஸ் பின்பக்கத்துல யாரெல்லாம் இந்த வருஷம் போகாம இருக்கணும்னு போட்டிருக்கே. அது கண்டிப்பா?

— ஆரம்பிச்சுட்டா. நேத்து ராத்திரியிலேர்ந்து இதே பாட்டுதான். என் சர்க்கரையைச் சொல்றா, சிஸ்டர். ஒன்பது வருஷம் எழுதிப் போட்டு, இப்பதான் குலுக்கல்ல ரெண்டு பேருக்கும் சேர்ந்து வந்திருக்கு. இதை விட முடியுமா?

— உங்க சர்க்கரை கட்டுக்குள்ள இருக்குன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க போகலாம். மாத்திரையை விட்டுடாதீங்க. காய்ச்சல், இருமல்னு வந்தா கூட்டத்துல நிக்காம முகாம் டாக்டர்கிட்ட போயிடணும்.

— கேட்டுக்கிட்டியா? நான் போகலாமாம். இப்பவாவது கையை நீட்டு.

— என்னை மாதிரி இருக்கறவங்களுக்கு இந்த ஊசி போடலாமா, சிஸ்டர்?

— உன்னை மாதிரின்னா? உனக்குச் சர்க்கரை இல்ல, கொதிப்பு இல்ல. நாப்பத்தோரு வயசுல உனக்கு அந்தப் பட்டியல்ல என்ன வேலை?

— ஊசி தாராளமா போடலாம்க்கா, நல்லதும்கூட. ஆனா பயணம் மட்டும் இந்த வருஷம் வேண்டாம். எத்தனை நாள் ஆகுது?

— யாருக்கு, எத்தனை நாள்? இப்பதானே போகலாம்னீங்க, சிஸ்டர்? ரெண்டு பேரும் என்ன பேசறீங்க? எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல.

— ரெண்டரை மாசம் ஆச்சுங்க. நேத்து சாயங்காலந்தான் உறுதியா சொன்னாங்க. நீங்க போயிட்டு வாங்க. பதினாலு வருஷப் பழக்க தோஷத்துல அங்கயும் நின்னு குழந்தை வேணும்னு கேட்டுடாதீங்க, நன்றி மட்டும் சொல்லிட்டு வாங்க.