லைல் மலையைத் தாண்டிய நாள்

உங்கள் காப்பி நன்றாக இருக்கிறது. எங்கள் விமானத் தளத்துக் காப்பியைக் குடித்துப் பழகியவனுக்கு எந்தக் காப்பியும் நன்றாகத்தான் இருக்கும். கேளுங்கள், சொல்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை.

லைல் ஆஸ்ட்ராண்டர் என் நண்பன். சாக்ரமென்டோ பக்கம் எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு நான்கு இருக்கை விமானம் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும் அதில் ரீனோ விமானப் பந்தயத்துக்குக் கிளம்புவோம். நடுவில் சியரா மலை. மொத்தம் ஒரு மணி நேரப் பறப்பு.

எங்கள் தளத்தில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தில் யாராவது ஒருவர் "திரும்பலாம்" என்றால் திரும்பிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. ஒன்பது வருஷம் லைல் அதைச் சொன்னான். ஒரு தடவை மேகம். ஒரு தடவை எண்ணெய்ச் சூடு. ஒரு தடவை ஓடுபாதையிலேயே, பெட்ரோல் மூடியைச் சரியாக மூடினோமா என்று சந்தேகம். ஒன்பது வருஷமும் நான் வாயை மூடிக்கொண்டு திரும்பினேன். எரிச்சலில் தாடை வலிக்கும்.

இறங்கியதும் மெக்கானிக் ஹாலிஸ் சிரிப்பான். "என்னப்பா வெர்னன், பந்தயம் எப்படி இருந்துச்சு? யாரு ஜெயிச்சா, நம்ம லைல்தானே?"

லைலும் சேர்ந்து சிரிப்பான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இந்த வருஷம் நான் தனி விமானம் வாடகைக்கு எடுத்தேன். எங்கள் விமானத்தில் லைல் மட்டும், அரை மணி பின்னால். முன்னால் போகிறவன் மலை நிலவரத்தை ரேடியோவில் சொல்ல வேண்டும், அதுவும் வழக்கம். அதில் யாரும் பொய் சொல்வதில்லை.

பதினோராயிரத்து ஐந்நூறு அடியில் தாண்டினேன். முகட்டுக்கு அந்தப் பக்கம் காற்று என்னை ஒரே அமுக்காக அமுக்கியது. தலை கூரையில் இடித்து, நெற்றியில் ரத்தம். ஆயிரத்து எண்ணூறு அடி கீழே போன பிறகுதான் விமானம் என் சொல் கேட்டது. அந்த நேரம் பார்த்து லைல் ரேடியோவில் கூப்பிட்டான்.

"வெர்னன், மேல எப்படிப்பா இருக்கு? இங்க லேசா குலுங்குது. திரும்பிடலாமான்னு பாக்குறேன்."

கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தேன். "இங்க ஒண்ணுமே இல்ல லைல். கையை விட்டுட்டு சாண்ட்விச் சாப்பிடலாம். ஒன்பதாயிரத்து ஐந்நூறு அடியே போதும், மேல ஏறி நேரத்த வீணாக்காத. பத்து மணிக்கு ரீனோ தளத்த பந்தயத்துக்காக மூடிருவாங்க."

"நிஜமாத்தானா?"

"நான் என்னிக்குப்பா உங்கிட்ட பொய் சொன்னேன்?"

அதுவரை சொன்னதில்லை என்பது உண்மை.

நான் ரீனோவில் இறங்கும் நேரத்தில் அவன் குரல் இன்னொரு தடவை வந்தது. "வெர்னன், விமானம் தானா கீழ இறங்குதுப்பா. நீ சொன்ன மாதிரி இல்லையே." கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் அலைவரிசைக்கு மாற வேண்டிய நேரம் அது. மாறினேன். விதிமுறை அதுதான்.

பத்து மணிக்குத் தளத்தை மூடினார்கள். பார்வையாளர் வரிசையில் என் பக்கத்தில் அவனுக்காகப் பிடித்து வைத்த இடம் காலியாக இருந்தது. மறுபடியும் திரும்பிவிட்டான் என்று எனக்குக் கோபம். ஆமாம், குரலைக் கேட்ட பிறகும் கோபம்தான்.

மூன்று மணிக்கு அவன் மனைவி நோரீன் போனில் கேட்டாள். "லைல் போன எடுக்க மாட்டேங்கறாரு வெர்ன். உங்க கூடத்தானே இருக்காரு?"

"உன் புருஷனத் தெரியாதா நோரீன்? பாதி வழியில திரும்பியிருப்பான். எங்கயாவது இறங்கி ஆப்பிள் பை சாப்பிட்டுட்டு இருப்பான்."

இறுதிப் பந்தயம் தொடங்கப் போகிற நேரம். ஒன்பது வருஷம் காத்திருந்தவன் நான். முழுதும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். நன்றாக இருந்தது.

மாலையில் தேடுகிறவர்கள் கேட்டபோதும் அதையேதான் சொன்னேன். அவன் திரும்பியிருப்பான், சாக்ரமென்டோ பக்கம், மேற்குச் சரிவில் தேடுங்கள் என்று. விழுந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் அவசரக் கருவி மோதலிலேயே உடைந்திருந்ததால், அவர்களுக்கு என் சொல்லை விட்டால் வேறு துப்பு இல்லை. இரண்டு நாள் மேற்கில் தேடினார்கள். ரேடியோவில் கடைசியாகக் கேட்டதை நான் சொல்லவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் கிழக்குச் சரிவில் கிடைத்தான். இரண்டாம் நாள் காலை வரை உயிர் இருந்திருக்கும் என்று மருத்துவர் சொன்னார். பெல்ட்டைக் கழற்றி, உடைந்த காலோடு கொஞ்ச தூரம் நகர்ந்திருக்கிறான்.

நான் பொய் சொன்னேன், அதனால் அவன் செத்தான், அதற்குப் பிறகும் தேடுகிறவர்களைத் தவறான பக்கம் அனுப்பினேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இதையும் சேர்த்து எழுதுங்கள். அவன் கிடந்த இடம் முகட்டைத் தாண்டி ரீனோ பக்கம் நான்கு மைல். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அவன் அவ்வளவு தூரம் வந்ததில்லை. கூட ஒரு நல்ல நண்பன் இருந்ததால்தான் வந்தான்.