எடுத்த இடத்தில் ஓர் அட்டை

தலைமைப் பொறுப்பேற்று, மேசை மணியின் மேல் ஒரு விரலும் என் மேல் ஒரு கண்ணுமாக வீற்றிருக்கும் மருத்துவமனை முதல்வர் அவர்களே. முன்வரிசையை முகமலர்ச்சியால் நிறைத்திருக்கும் மருத்துவப் பெருமக்களே. பணிநேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் நின்றுவிட்ட செவிலியர் சகோதரிகளே. இந்தக் கட்டடத்தின் ஒவ்வொரு படியையும் அறிந்த துப்புரவுப் பணித் தாய்மார்களே. ஓய்வுபெற்ற பின்னும் எங்களை மறவாத பெரியோர்களே. மூன்றாம் வரிசை ஓரத்தில் நாற்காலிக்குள் ஒளிந்துகொள்ளப் பார்க்கும் இன்றைய நாயகரே. அவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் என் அண்ணனே, அண்ணியே. உங்கள் அனைவர் முன்னும் கைகூப்பி நிற்கிறேன். இந்த இடத்தில் சொல்ல வேண்டிய ஒரு சொல்லை நான் சொல்லவில்லை என்று கவனித்திருப்பீர்கள். மறக்கவில்லை. கடைசிக்கு எடுத்து வைத்திருக்கிறேன்.

எனக்குப் பத்து நிமிடம் தந்திருக்கிறார்கள். இணையதளப் பிரிவில் என்னிடம் வேலை பார்ப்பவர்கள் இப்போதே சிரிக்கிறார்கள் பாருங்கள். சிரியுங்கள், சிரியுங்கள். உங்கள் விடுப்பு விண்ணப்பம் என் மேசையில்தான் இருக்கிறது.

இன்று நாம் யாரைப் பாராட்டுகிறோம்? கத்தி பிடித்தவரையா? இல்லை. கட்டுப் போட்டவரையா? இல்லை. கண்ணுக்குத் தெரியாத குப்பையைக் கண்ணும் கருத்துமாக அள்ளிய ஒருவரை. எதுவும் தப்ப முடியாது என்பதால் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் சல்லடை. அவர் பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் இருக்கிறது. அதை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

என்ன குப்பை என்கிறீர்களா? சொல்கிறேன். நம் மருத்துவமனையின் இணையதளத்தில் எந்தப் பிரிவும் படம், படிவம், ஒலிப்பதிவு என்று எதையும் ஏற்றலாம். ஏற்றுவதற்கு எல்லோருக்கும் கை நீளும். இறக்குவதற்கு ஒருவருக்கும் கை வராது. பக்கத்தை நீக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அதில் இருந்த கோப்பு உள்ளேயே கேட்பாரற்றுக் கிடக்கும். பார்வையாளர் நேரம் என்ற ஒரே அறிவிப்புக்கு 'புதியது', 'மிகப் புதியது', 'இறுதி', 'உண்மையான இறுதி', 'முதல்வர் பார்த்த இறுதி' என்று ஒன்பது கோப்புகள். முதல்வர் ஐயா தலையாட்டுகிறார். நீங்கள் பார்த்ததில் நேரத்தையே போடவில்லை ஐயா.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் முறிந்த இணைப்புகள். தொட்டால் 'பக்கம் இல்லை' என்று கையை விரித்துவிடும். முந்நூற்றுப் பன்னிரண்டு இருந்தன. எலும்பு முறிவுப் பிரிவுக்குப் போகும் இணைப்பே முறிந்து கிடந்தது. ஒரு மென்பொருளை ஏவிவிட்டு, தளம் முழுவதும் நடக்க வைத்து, அத்தனை முறிவையும் கண்டுபிடித்து ஒவ்வொன்றாகச் சரிசெய்தவர் சல்லடை.

அதே மென்பொருள் இன்னொரு பட்டியலும் தந்தது. எந்தப் பக்கமும் சுட்டாத கோப்புகள் நாலாயிரத்து நூற்று ஆறு. தளத்தைப் புதுக் கணினிக்கு மாற்றும் நேரம் அது. மூட்டை குறைய வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் எல்லாவற்றையும் அழியுங்கள் என்று உத்தரவு போட்ட மகராசி யார்? இதோ, உங்கள் முன் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே, இவள்தான்.

சல்லடை என் அறைக்கு வந்து தயங்கித் தயங்கி நின்றார். "மேடம், நம்ம பக்கம் எதுவும் காட்டலைங்கிறதால யாருமே பார்க்கலைன்னு ஆயிடுமா? வெளியில யாராவது முகவரியைக் கையில வச்சிருப்பாங்க. ஒரு மாசம் பார்த்துட்டு எடுக்கலாமே."

"ஒரு மாசமா? ஒவ்வொரு கோப்பா தட்டிக்கொடுத்து வழியனுப்பப் போறீங்களா? வெள்ளிக்கிழமை பட்டியல் காலியா இருக்கணும்" என்றேன். அப்படித்தான் பேசினேன். இன்று நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருக்கிறது.

சல்லடை எங்களிடம் வருவதற்குமுன் பதினெட்டு ஆண்டுகள் நோயாளர் பதிவேட்டு அறையில் இருந்தவர். அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. அலமாரியிலிருந்து ஒருவரின் கோப்பை எடுத்தால், எடுத்த இடத்தில் ஓர் அட்டை வைக்க வேண்டும். யார் எடுத்தார், எங்கே இருக்கிறது என்று அதில் எழுத வேண்டும். அட்டை வைக்காதவருக்கு அன்று தேநீர் கிடையாதாம். அந்தப் பழக்கத்தை இவர் இணையதளத்துக்குக் கொண்டுவந்தார். நான் அழிக்கச் சொன்ன கோப்புகளை அழிக்காமல் தனியாக எடுத்து வைத்தார். அவை இருந்த முகவரி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு அறிவிப்பை வைத்தார்: 'இங்கிருந்த கோப்பை எடுத்து வைத்திருக்கிறோம். உங்களுக்கு வேண்டுமென்றால் இந்த எண்ணில் பேசுங்கள்.' எண், அவருடைய மேசைத் தொலைபேசி. நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

இனி என் வீட்டுக் கதை. என் அண்ணன் மின்தூக்கி பழுதுபார்ப்பவர். யாராவது பாதி வழியில் மாட்டிக்கொண்டால், கதவு திறக்கும்வரை வெளியே நின்று அவர்களோடு பேசிக்கொண்டே வேலை பார்ப்பார். என்னையே வாயாடி என்று கூப்பிடும் அளவுக்கு அவரும் வாயாடி. அந்த மனிதரை, நான் சொன்ன வெள்ளிக்கிழமைக்கு எட்டு மாதங்களுக்குமுன் பக்கவாதம் தாக்கியது. கை தேறியது, கால் தேறியது, பேச்சு போயிற்று. ஞாயிறுதோறும் போவேன். என்னைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை அட்டை வைத்தார் சல்லடை. திங்கள் காலை பத்து மணிக்கு அவர் தொலைபேசி அடித்தது. எடுத்தார். மறுமுனையில் ஒன்றுமில்லை, மூச்சுச் சத்தமும் ஓர் ஆணின் முனகலும் மட்டும். பக்கத்து மேசை வடிவமைப்பாளர், "வச்சிடுங்க, வேலை இல்லாத யாரோ" என்றாராம். "இல்லம்மா. யாரோ பேசப் பார்க்குறாங்க" என்றாராம் இவர்.

பேசுங்கள் என்று எழுதியிருந்தோம். பேச முடியாதவரிடம், பேசுங்கள் என்று எழுதியிருந்தோம்.

இவர் வைத்தாரா? வைக்கவில்லை. "ஐயா, போன்ல படம் காட்ட முடியாது. எடுத்து வச்ச ஒலிப்பதிவை எல்லாம் முதல்ல ஒண்ணொண்ணா போடுறேன். இது இல்லைன்னா ஒரு தட்டு தட்டுங்க. இதுதான்னா ரெண்டு தட்டு" என்றார். தொலைபேசியைக் கணினியின் பக்கத்தில் வைத்தார். பச்சிளங்குழந்தையைக் குளிப்பாட்டுவது எப்படி? ஒரு தட்டு. முழங்கால் பயிற்சி? ஒரு தட்டு. எடுத்து வைத்ததை ஏன் இன்னும் அழிக்கவில்லை என்று திட்டுவதற்காக நான் உள்ளே நுழைந்தபோது பதினோராவது ஓடத் தொடங்கியது. நம் பேச்சுப் பயிற்சியாளரின் குரல்: "என்னோடு சேர்ந்து மெதுவாகச் சொல்லுங்கள். வணக்கம்."

மறுமுனை தட்டவில்லை. சொல்லியது. எழுத்தெழுத்தாக, மூச்சு வாங்கி, விட்டு, மறுபடி பிடித்து, முழுச் சொல்லையும் சொல்லி முடித்தது.

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா? எட்டு மாதமாக நான் கேட்கத் தவித்த குரல். "அண்ணே" என்று கத்தினேன். சல்லடை என்னைத் திரும்பிப் பார்த்து, "மேடம், சத்தம் போடாதீங்க. அவர் இன்னும் முடிக்கல" என்றார். பிறகு தொலைபேசியில், "வணக்கம் ஐயா. நல்லா வந்துச்சு. அவசரமே இல்ல, அடுத்ததையும் சொல்லுங்க. நான் இங்கதான் இருக்கேன்" என்றார். யாரென்றே தெரியாத ஒருவருக்குச் சொன்னார். நான் சுவரில் சாய்ந்து நின்று அழுதேன்.

மாலையில் வீட்டுக்கு ஓடினேன். அண்ணி சொன்னார்: "தினம் காலைல கதவைச் சாத்திக்கிட்டு அதைத்தான் கேட்பார். உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சைகை காட்டிட்டார். ஒரு வார்த்தையாவது தேறின பிறகு அவரே உன்னைக் கூப்பிடணும்னு ஆசை. மூணு நாளா அது வரலைன்னதும் சாப்பிடவே இல்ல."

அந்த ஒலிப்பதிவு எப்படிக் கேட்பாரற்றதாயிற்று? இரண்டு ஆண்டுகளுக்குமுன் நாங்கள் தளத்தை அழகுபடுத்தியபோது அதன் பக்கத்தை நீக்கிவிட்டோம். பயிற்சியாளர் எங்களிடம் சொல்லிப் பார்த்து அலுத்து, முகவரியை நோயாளிகளின் கைபேசிக்கு அவரே அனுப்பிக்கொண்டிருந்தார். யாரும் பயன்படுத்தாத கோப்பு என்று மென்பொருள் சொன்னதே, அதை முப்பத்தெட்டு வீடுகளில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அழைத்தார். மற்ற முப்பத்தேழு பேர் ஏன் அழைக்கவில்லை? எப்படி அழைப்பார்கள்? பேச்சை இழந்தவர் புகார் சொல்வாரா? சத்தம் வரவில்லை என்பதால் தேவை இல்லை என்று ஆகிவிடுமா? அன்பர்களே, சல்லடை மட்டும் அந்த அட்டையை வைக்காமல் போயிருந்தால், முப்பத்தெட்டு வீடுகளின் காலையை என் ஒரு விரல் அழித்திருக்கும். அதை நான் ஆயுளுக்கும் அறிந்திருக்க மாட்டேன்.

இன்று அந்த ஒலிப்பதிவு முதல் பக்கத்திலேயே இருக்கிறது. அட்டை வைத்துத் தொண்ணூறு நாள் காக்காமல் எதையும் அழிப்பதில்லை. அறிவிப்பையும் மாற்றிவிட்டோம்: 'அழையுங்கள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, காத்திருப்போம்.' மீதிக் குப்பை என்னவாயிற்று என்று பின்னாலிருந்து யாரோ கேட்கிறார்கள். அழித்தாயிற்று அம்மா. அந்த ஒன்பது அறிவிப்பும் போயிற்று. என் புகைப்படம் பதினேழு பிரதி இருந்தது, அதற்கும் அட்டை வைத்துப் பார்த்தோம், ஒருவரும் அழைக்கவில்லை.

மணி அடித்துவிட்டார் முதல்வர். இதோ முடித்துவிட்டேன் ஐயா. சல்லடை அவர்களே, என் அண்ணன் மூச்சு வாங்கிய நேரமெல்லாம் தொலைபேசியை வைக்காமல் பிடித்திருந்தீர்களே, அந்தக் கைக்கு என் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. நீங்கள் மேலே வர மாட்டீர்கள் என்று தெரியும். உங்கள் பக்கத்து நாற்காலிக்காரர் வருகிறார்.

வா அண்ணே. படி பார்த்து. இந்தா, ஒலிவாங்கியைப் பிடி. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். முதல்வர் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

அவையோரே, நன்றியை நான் சொல்லிவிடுகிறேன். வணக்கத்தை என் அண்ணன் சொல்வார்.