பாப்பாவுக்கு மட்டும் கலந்தது

இந்த அறையின் தரையை எலுமிச்சை வாசனை போட்டுத் துடைத்திருக்கிறார்கள். நல்ல தேர்வு. எலுமிச்சை வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிடும், உட்கார்ந்து கதை பேசாது. இனிப்பு வாசனை அப்படியில்லை. ஒருமுறை உள்ளே விட்டால் மறுநாளும் சோபாவை விட்டு எழுந்திருக்காது.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். ஆனால் என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். பதினேழு வருடமாக சென்ட் கலந்து விற்கிறேன். சின்னக் கடை. ஒரு மேசை, ஒரு தராசு, சுவர் முழுக்கப் பழுப்புக் குப்பிகள். வருகிறவர்களோடு அரைமணி நேரம் பேசி, அவரவர் சுபாவத்துக்கு ஏற்றதைக் கலந்து கொடுப்பேன். ஒருவருக்குக் கலந்ததை இன்னொருவருக்குக் கொடுத்ததே கிடையாது. தலைகீழாக நின்று கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.

பாதிப் பேர் இனிப்பு வாசனைதான் கேட்பார்கள். வெண்ணிலா, சாக்லேட், காய்ச்சிய பால், கருகிய சர்க்கரை. பெரும்பாலானவர்களுக்கு வேறு எதையாவது காட்டி அனுப்பிவிடுவேன். கறார் பேர்வழிகளுக்கு அது ஒட்டாது, இரவல் சட்டை மாதிரி தொங்கும். சந்தேகப் பிராணிகளுக்கும் ஆகாது. தான் உள்ளே நுழைந்தால் எல்லோரும் சிரிப்பார்கள் என்று நம்புகிறவர்களுக்குத்தான் பொருந்தும். அப்படி நம்புவதாலேயே எல்லோரும் சிரிக்கவும் செய்வார்கள். என் தங்கை அந்த ரகம். முப்பத்தொரு வயதாகியும் அவள் எல்லோருக்கும் பாப்பாதான். பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் இருந்தாள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களையும் சிரிக்கவைத்துத்தான் உட்காரவைப்பாள்.

பாப்பாவுக்குப் பாதாம், முந்திரி, கடலை எதுவும் ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் தொண்டை அடைத்துவிடும். அவளுக்கு ஐந்து வயதிருக்கும்போது, ஒரு பிறந்தநாள் வீட்டில் பிஸ்கட் தின்று முகமெல்லாம் வீங்கிவிட்டது. நான்தான் இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். அன்றிலிருந்து அவள் தட்டை முதலில் நான் மோந்து பார்க்க வேண்டும். நான் "சாப்பிடு" என்றால்தான் வாயில் வைப்பாள். தொண்டை அடைத்தால் உடனே போட ஊசி ஒன்று எப்போதும் அவள் கைப்பையில் இருக்கும், ஆனால் ஊசியைவிட என் மூக்கைத்தான் நம்பினாள். என் மூக்கு தேறியதே அவள் தட்டில்தான்.

அவளுக்கென்று ஒரு வாசனை செய்தேன். வறுத்த பாதாம், கருகிய சர்க்கரை, பால். அசல் பாதாம் ஒரு பொட்டுகூடக் கிடையாது, எல்லாம் ஆய்வகச் சரக்கு. மணிக்கட்டில் தடவிவிட்டபோது பாப்பாவின் கண் கலங்கிவிட்டது.

"இந்த வாசனை வந்தாலே எழுந்து ஓடுவேன்க்கா. இப்ப மேல போட்டுக்கிட்டே திரியப் போறேன், பாரு."

அந்தக் கலவை இரண்டு மணி நேரத்தில் மங்கிவிட்டது. எனக்குத் திருப்தியில்லை. இரண்டு மாதம், தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை அதைத் திருத்துவதுதான்.

நாள் முழுக்க மோந்தால் மூக்கு மரத்துவிடும். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. முழங்கை மடிப்பில் முகத்தைப் புதைத்து, போட்டிருக்கும் சட்டையையே ஒரு இழுப்பு இழுத்துக்கொள்வோம். தன் வாசனை தனக்குத் தெரியாது, அதனால் மூக்கு பழையபடி வெறுமைக்கு வந்துவிடும். என் கடைக் கோட்டின் இடது கைதான் எனக்குப் பூஜ்யம். அங்கிருந்துதான் எல்லா வாசனையையும் அளக்க ஆரம்பிப்பேன். வீட்டுக்கும் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவேன்.

என் கணவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். கிரீஸும் இரும்புமாக வீட்டுக்கு வருவார். நான் எந்தக் குப்பியிலும் அடைக்காத ஒரே வாசனை அதுதான், எனக்கு அவ்வளவு பிடிக்கும். போன மாதம் சளி பிடித்து நான்கு நாள் வீட்டிலேயே கிடந்தேன். எதுவும் தெரியவில்லை, கஞ்சிகூட வெந்நீர் மாதிரிதான் இருந்தது. ஐந்தாம் நாள் காலையில் மூக்கு திறந்துகொண்டது. துவைக்கப் போடலாமென்று கதவுக்குப் பின்னாலுள்ள கொக்கியிலிருந்து அவருடைய ஜாக்கெட்டை எடுத்தேன். எங்கள் வீட்டில் அந்த ஒரு கொக்கிதான். என் கோட்டின் மேலேயே அவர் ஜாக்கெட்டை வீசுவார், எத்தனை தடவை சொன்னாலும் கேட்கமாட்டார்.

காலரில் கருகிய சர்க்கரை. அதன் கீழே பால். அதற்கும் கீழே வறுத்த பாதாம்.

உலகத்தில் ஒருத்திதான் அதைப் போடுகிறாள். என் கையால் கலந்து, என் கையால் தடவிவிட்டது. நான் இடுப்பில் சுமந்த பிள்ளை. அவர் செய்ததையாவது ஆறு மாதம் அழுது தீர்த்துவிடுவேன். இவள் செய்ததை எங்கே கொண்டுபோய் அழுவது?

பிறகு ஒவ்வொன்றாகப் பொருந்தியது. அந்த மாதம் அவள் குடியிருப்பில் லிஃப்ட் மூன்று முறை நின்றுபோயிருந்தது. மூன்று முறையும் இவர்தான் போனார். போன் பேசிக்கொண்டிருப்பார், நான் வந்தால் "சரி பாப்பா, அப்புறம் பேசறேன்" என்பார். என் பிறந்தநாளுக்கு ஏதோ ஏற்பாடு செய்துகொண்டிருந்ததாக இப்போது சொல்கிறாராம். சொல்லத்தான் செய்வார். நான் இருவரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் மனிதர்கள் ஆயிரம் சொல்வார்கள். மூக்குக்குப் பொய் சொல்லத் தெரியாது.

இனிப்பு வாசனை யாருக்குப் பொருந்தும் என்று சொன்னேனே, அதில் ஒன்றை விட்டிருந்தேன். கேட்காமலே எடுத்துக்கொள்கிறவர்களுக்கும் பொருந்தும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கேக் செய்து எடுத்துப்போனேன். மாவில் பாதிக்குப் பாதி பாதாம் பொடி. குளிர் இருந்ததால் கோட்டைக் கழற்றவில்லை. கதவைத் திறந்ததும் பாப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"மணி அடிக்கறதுக்கு முன்னாடியே வாசனை வந்துடுச்சு. நானே வெளிய நிக்கிறேனோன்னு ஒரு நிமிஷம் பயந்துட்டேன்க்கா!"

அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. தன் வாசனை ஊரெல்லாம் பரவியிருக்கிறது என்ற பெருமை அதில் இருந்தது.

அவள் டீ போடப் போனபோது கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து என் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் கேக் துண்டை எடுத்து மூக்கருகே கொண்டுபோய், உதட்டைப் பிதுக்கினாள்.

"எனக்கு எல்லாமே என் வாசனையாத்தான் அடிக்குது. நீயே பாத்துச் சொல்லேன்க்கா."

வாங்கி மோந்தேன். பாதாம் நன்றாக வறுபட்டிருந்தது. "சாப்பிடு" என்றேன்.

இருபத்தாறு வருடமாகச் சொன்ன அதே குரலில்தான் சொன்னேன்.

இரண்டாவது வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "அக்கா, ஊசி" என்று பையைக் காட்டினாள். பையை மேசைமேல் கவிழ்த்து, இதில் இல்லையே பாப்பா என்றேன். அதில் பொய் ஒன்றுமில்லை. அதன் பிறகு நிதானமாகக் கேட்டேன்.

"அவர் ஜாக்கெட்ல உன் வாசனை எப்படி வந்துச்சு?"

அதற்குள் அவளுக்குப் பேச்சு அடைத்துவிட்டது. கண்ணை அகலத் திறந்து என்னையே பார்த்தாள். பிறகு என் இடது கையைப் பிடித்தாள். கோட்டுத் துணியைக் கொத்தாகப் பற்றி, என் முகத்தருகே தூக்கினாள். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மன்னிப்புக் கேட்கிறாள் என்று புரிந்துகொண்டேன். விரல்கள் தளரும்வரை அப்படியே விட்டுவைத்தேன். அவளைக் கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றுதான் எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசியை எடுக்க, நீங்கள் கைப்பற்றி வைத்திருந்த என் கோட்டை உறையிலிருந்து பிரித்ததும் அறை முழுக்க கேக் கடை மாதிரி மணந்தது என்று உங்கள் ஆட்கள் எழுதியிருக்கிறார்கள். அதே கொக்கியில் தொங்கிய ஜாக்கெட்டுக்கும் அங்கிருந்துதான் ஒட்டியிருக்கும் என்கிறீர்கள். அவர்கள் மூக்குக்குப் பழக்கம் கிடையாது, கலந்துகட்டி வந்த எதையோ மோந்திருப்பார்கள். அந்தக் கையை இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை நான் மோந்திருக்கிறேன். பாப்பா என் முகத்துக்கு நேராகப் பிடித்தபோதும் மோந்தேன்.

அதில் ஒரு வாசனையும் இல்லை.